பிரிக்கக் கூடாத பொட்டலம்

வேல்ராஜ் இனிப்புப் பெட்டியோடு மலையேறி வந்தால் நான் முதலில் பீரோச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வேன். வெறுங்கையோடு வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவான். பெட்டியோடு வந்தால் எதையோ வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறான் என்று அர்த்தம். போன தடவை அரைக் கிலோ பால்கோவா. செல்போன் டவர் வைக்க இடம் கேட்கிறார்கள் என்று சொல்லி எங்கள் பட்டா நகலையும் என் போட்டோவையும் வாங்கிப் போனான். டவரும் வரவில்லை, நகலும் திரும்பி வரவில்லை. பால்கோவா மட்டும்தான் மிச்சம், அதுவும் புளித்திருந்தது.

இந்தத் தடவை ஒரு கிலோ மைசூர்பாகு.

வேல்ராஜ் என் கொழுந்தன். என் வீட்டுக்காரர் செல்லப்பாண்டிக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி. கீழே வத்தலக்குண்டில் ஜெராக்ஸ் கடை போட்டு நாலு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறான். நாங்கள் பூம்பாறைக்கும் மேலே பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டுப் பிழைக்கிறவர்கள். எங்களுக்கு ஒரே மகள் சௌம்யா. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, இன்ஜினியரிங் படிக்க நூற்று எழுபத்து நாலு கட்-ஆஃப் வாங்கியிருந்தாள். எங்கள் ஊரில் அந்த மார்க்கை யாரும் பார்த்ததில்லை.

கவுன்சலிங் என்றால் இப்போதெல்லாம் நேரில் போய் நிற்கிற சோலி இல்லை. எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரிசையாகப் போட வேண்டும். முதல் வரியில் போட்டது மார்க்குக்கு எட்டினால் அதையே கொடுத்துவிடுவார்கள். வரிசையை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசி நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அதுவாகவே பூட்டிக்கொள்ளும். வேல்ராஜ் வந்த மறுநாள்தான் அந்தக் கடைசி நாள். அது வரைக்கும் வராதவன் அன்றைக்கு ஏன் வந்தான் என்று நான் அப்போதே யோசித்தேன்.

சௌம்யாவின் மார்க்குக்கு இரண்டு இடம் எட்டும் போலத் தெரிந்தது. ஒன்று சேலத்தில் கவர்மென்ட் கல்லூரி, கரண்ட் சம்பந்தப்பட்ட படிப்பு. இன்னொன்று வத்தலக்குண்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தனியார் கல்லூரி, கம்ப்யூட்டர் படிப்பு. எதை முதல் வரியில் போடுவது என்பதுதான் கேள்வி.

“சேலம் எங்க கெடக்கு, நீங்க எங்க கெடக்கீங்க? இது நம்ம வீட்டுலருந்து பஸ்ஸுல இருபது நிமிசம். எங்க வீட்டுலயே தங்கிக்கட்டும். எம் பொண்டாட்டி பாத்துக்குவா” என்றான் வேல்ராஜ். அவன் பொண்டாட்டி எனக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுக்கவே ரெண்டு தடவை யோசிப்பாள்.

நான் அவன் பையைப் பார்த்தேன். பையில் அந்தக் கல்லூரியின் பெயர். சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவிலும் அதே பெயர். எழுத்தைக் கூட்டிப் படிக்கத்தான் எனக்குத் தெரியும், அது தமிழில் இருந்ததால் தப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனுக்கு ஒரு போன் வந்தது. எழுந்து பூண்டு காயப்போட்டிருந்த பக்கம் போய்ப் பேசினான். வீட்டுக்குள் பேச முடியாத பேச்சு என்ன பேச்சு? நான் கழுநீர் வாளியைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்குப் போகிற சாக்கில் பின்னாலேயே போனேன்.

“ஒண்ணு ஒறுதி சார். எங்க அண்ணன் மகதான். நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

எனக்கு எரிந்தது. ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்ட் வேலையைச் சொந்த அண்ணன் வீட்டிலேயே பார்க்கிறான். அன்று சாயங்காலமே வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பூண்டுத் தாளை அறுத்துக்கொண்டே, “ஒனக்கு சூரியன் கெழக்க ஒதிச்சாலும் சந்தேகம்” என்றார். அவர் என்னை நம்பவில்லை என்றில்லை, எதற்கும் தானாக முடிவு சொல்ல மாட்டார். எந்த முடிவாக இருந்தாலும் முத்தாலம்மன் கோவிலில் பூப்போட்டுக் கேட்க வேண்டும். கிணறு வெட்டினது பூக்கேட்டுத்தான். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர் சரி என்று ஆள் அனுப்பினதும் பூக்கேட்டுத்தான்.

எங்கள் ஊரில் அது இப்படி. ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளைப் பூவும் இன்னொன்றில் சிவப்புப் பூவும் வைத்து, வித்தியாசம் தெரியாதபடி இரண்டு பொட்டலமாகக் கட்ட வேண்டும். கட்டுவதை யாரும் பார்க்கக் கூடாது. பூசாரி இரண்டையும் குலுக்கி அம்மன் காலடியில் போடுவார். ஒரு சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எடுத்ததைப் பிரித்து நிறம் பார்ப்பதோடு சரி. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அப்படியே கொண்டுபோய் ஓடையில் விட்டுவிட வேண்டும். அதைப் பிரித்தால் அம்மனை நம்பவில்லை என்று ஆகிவிடும்.

நான் பால்காரனை நம்ப மாட்டேன், வடுகபட்டிச் சந்தையில் தராசை நம்ப மாட்டேன், என் வீட்டுக்காரர் தலைவலி என்று சொன்னால்கூட நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். ஆனால் பூவை நான் சந்தேகப்பட்டதே இல்லை.

“வெள்ளைன்னா சேலம். செவப்புன்னா தம்பி சொல்ற காலேஜு” என்று அவர் முடித்துவிட்டார். பூவையும் இலையையும் வேல்ராஜையே நிலக்கோட்டை மார்க்கெட்டில் வாங்கி வரச் சொல்லி முன்னாலேயே போன் போட்டிருக்கிறார். எங்கள் குளிரில் வாழையும் வராது, கோவிலுக்கு ஆகிற பூவும் கிடையாது. இரண்டு நிறமும் அரளியாகவே வாங்கி வந்திருந்தான். மல்லிகையாக இருந்தால் வாசத்தில் தெரிந்துவிடும் என்று விளக்கம் வேறு. இவ்வளவு விவரம் இவனுக்கு எதற்கு என்று நான் மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

சௌம்யாவிடம் யாரும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு மாசத்துக்கு முன்னால் அவளாகவே, “சேலம் நல்ல காலேஜும்மா. டீச்சர் சொன்னாங்க” என்றாள். எந்த டீச்சர், அந்த டீச்சருக்கு சேலத்தில் யார் இருக்கிறார்கள், கூடப் படிச்ச பையன் எவனாவது அங்கே போகிறானா என்று நாலு கேள்வி கேட்டேன். பெண்ணைப் பெற்றவள் கேட்கத்தானே செய்வாள்? அதோடு அவள் பேச்சை விட்டுவிட்டாள். அப்புறம் எப்போது கேட்டாலும், “எதுன்னாலும் சரிம்மா” என்றுதான் பதில். அதனால் அவளுக்கு எதிலும் பெரிய ஆசை இல்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளனே எழுந்து வேல்ராஜ் பச்சைத் தண்ணீரில் குளித்தான். அந்தக் குளிரில் அவன் பல் தந்தியடித்ததைக் கேட்க எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவர்தான் அவனைக் கட்டச் சொன்னார். “நம்ம ரெண்டு பேரும் பெத்தவங்க, நாம தொடக் கூடாது” என்றார். அவன் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கட்டினான். கதவு இடுக்கில் பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்து, அம்மன் காரியம் என்று விட்டுவிட்டேன். மிச்சப் பூவையும் இலையையும் அங்கேயே விட்டுவிட்டு, தட்டில் இரண்டு பொட்டலத்தோடு வெளியே வந்தான். உச்சிப் பூசை முடிகிற நேரத்துக்குத் தேங்காய், பழம், சூடம் வைத்துத் தட்டைச் சௌம்யா கையில் கொடுத்தோம்.

கோவிலுக்குப் பூண்டுக் காட்டு வரப்பில் பத்து நிமிஷ நடை. மூட்டம் இறங்கியிருந்தது. அவரை முன்னால் விட்டு, வேல்ராஜை நடுவில் விட்டு, நான் அவன் பின்னாலேயே நடந்தேன். அவன் கை சட்டைப் பைக்குப் போகிறதா என்றே பார்த்துக்கொண்டு வந்தேன். தட்டோடு கடைசியில் வந்த சௌம்யா, “அம்மா, தீப்பெட்டிய மறந்துட்டேன், எடுத்துட்டு வந்துர்றேன்” என்றாள்.

“வெரசா வாடி” என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கோவிலில் பூசாரி தங்கமுத்து காத்திருந்தார். பக்கத்து வீட்டு ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். படிப்புக்காகப் பூக்கேட்பது எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவை. பூசாரி இரண்டு பொட்டலத்தையும் துணியில் போட்டுக் குலுக்கி அம்மன் காலடியில் உருட்டினார். அவர் பேத்தி, மூன்று வயசுக் குழந்தை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய் ஒன்றை எடுத்தது. பூசாரி வாங்கிப் பிரித்தார்.

வெள்ளை.

“அம்மன் சேலத்துக்கு உத்தரவு குடுத்துருச்சு” என்றார் பூசாரி. பெண்கள் குலவை போட்டார்கள். எனக்குள் ஏதோ இறங்கி லேசானது. என் மகள் சேலம் போக வேண்டும் என்றுதான் எனக்கே ஆசை இருந்திருக்கிறது என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது. நான் பார்க்காத ஊரை அவள் பார்க்கட்டும், அந்தக் காப்பிக் கணக்குக்காரி வீட்டில் போய் இருக்க வேண்டாம். நானும் குலவை போட வாயைத் திறந்தேன். அதோடு நின்றிருக்கலாம்.

ஆனால் என் கண் வேல்ராஜ் மேல் போனது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான். “சரி, அம்மனே சொன்னப்புறம் நாம என்ன சொல்றது” என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு அது உறுத்தியது. ஒன்று உறுதி சார் என்று போனில் சொன்னவனுக்கு முகம் சுண்டியிருக்க வேண்டாமா? தோற்றவன் எதற்குச் சிரிக்கிறான்? அப்படியானால் இதிலும் அவனுக்கு ஏதோ இருக்கிறது. எனக்குத் தெரியாத ஏதோ.

பூசாரி இன்னொரு பொட்டலத்தை ஓடைக்குக் கொண்டுபோக எடுத்தார். நான் எட்டிப் பிடுங்கினேன்.

“முருகேஸ்வரி, என்ன பண்ற?” என்று பூசாரி கத்தினார். சௌம்யா, “அம்மா, வேணாம்மா” என்றாள். அந்தக் குரலையாவது நான் கேட்டிருக்கலாம். கட்டியிருந்த வாழைநாரை அறுத்துப் பிரித்துவிட்டேன்.

அதிலும் வெள்ளை.

குலவை நின்றுவிட்டது. பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு முதலில் வந்தது பயமில்லை, ஜெயித்த சந்தோஷம்தான். “பாத்தீங்களா? நான் சொன்னேன்ல? இவன் கை சும்மா இருக்காதுன்னு சொன்னேன்ல?” என்று எல்லோருக்கும் இலையை விரித்துக் காட்டினேன்.

வீட்டுக்காரர் தம்பியிடம் போய் நின்றார். “யாருடா கட்டுனது?”

வேல்ராஜ் இலையைப் பார்த்தான். அப்புறம் தட்டைப் பார்த்தான். தட்டைப் பிடித்திருந்த சௌம்யாவைப் பார்த்தான்.

“நான்தாண்ணே. குளிர்ல கை வெறச்சுப் போச்சு. அவசரத்துல ரெண்டுலயும் ஒரே பூவ வச்சுட்டேன் போல.”

அவர் ஓங்கி ஒரு அறை விட்டார். நாற்பது வயசு மனுஷனை, ஊர் ஆட்கள் முன்னால். வேல்ராஜ் கன்னத்தைக்கூடத் தடவவில்லை, தலையைக் குனிந்துகொண்டான்.

“தப்பா வந்த வெள்ள எனக்கு வேணாம்” என்றார் அவர். மறுபடி கேட்கலாமா என்று பூசாரியைப் பார்த்தார். எட்டு நாளைக்குக் கேட்கக் கூடாது என்று பூசாரி கையை விரித்தார். “அப்ப பக்கத்துல இருக்குற காலேஜே போதும். ஏலே, அதையே மொத வரியில போடு” என்று சொல்லிவிட்டுக் காட்டுப் பக்கம் நடந்துவிட்டார்.

எல்லோரும் கலைந்தார்கள். நான் இலையைக் கையில் வைத்துக்கொண்டே வரப்பில் நடந்தேன். சந்தோஷம் பாதி வழிகூடத் தாங்கவில்லை. வேல்ராஜ் ஏமாற்ற நினைத்திருந்தால் இரண்டிலும் சிவப்பை அல்லவா வைத்திருப்பான்? தான் ஆள் பிடிக்கிற கல்லூரியை விட்டுவிட்டு சேலத்துக்கு எதற்குத் திருட்டுத்தனம் பண்ண வேண்டும்? ஒரு நாள் முழுக்க அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டு யார் கையில் வந்தது, தீப்பெட்டிக்கென்று தட்டோடு திரும்பிப் போனது யார் என்பதைப் பார்க்கவில்லை.

நின்று திரும்பினேன். சௌம்யா பின்னால் வந்துகொண்டிருந்தாள். துப்பட்டா நுனியை இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் பிடுங்கிப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அவளே முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே கசங்கின பொட்டலம், அதன் ஓரத்தில் சிவப்பு அரளி எட்டிப் பார்த்தது.

“சேலம்னா அவ்ளோ ஆசையாடி?”

“ஆமா.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நானே ஒங்கப்பாகிட்டப் பேசியிருப்பேன்ல?”

“சொன்னேன்ல? சொன்னப்ப நீ என்ன கேட்ட?” அவள் கத்தவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “டீச்சருக்கு அங்க யாரு இருக்கான்னு கேட்ட. எந்தப் பையன் போறான்னு கேட்ட. அன்னிக்கு நான் குளிக்கப் போனப்ப எம் போன எடுத்துப் பாத்த. ஒனக்குப் புடிச்சிருக்கான்னு மட்டும் கேக்கவே இல்ல.”

போனைப் பார்த்தது அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

“இப்ப அப்பாகிட்டப் போய்ச் சொல்லப் போறியா?” என்றாள்.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அம்மனையே ஏமாற்றினவளுக்குப் படிப்பு எதற்கு என்பார். சேலமும் இல்லை, வத்தலக்குண்டும் இல்லை என்று ஆகிவிடும். வேல்ராஜுக்கும் அது தெரிந்திருக்கிறது. அதனால்தான் அந்த அறையை வாங்கிக்கொண்டான்.

அதற்குள் மணி மூன்றைத் தொட்டிருந்தது. எங்கள் ஊரில் பேசுகிற அளவுக்குத்தான் சிக்னல் வரும், நெட் கிடைக்கிற இடம் பஸ் நிற்கிற வளைவு ஒன்றுதான். வேல்ராஜ் அங்கே பாலத்துச் சுவரில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். கன்னம் சிவந்து கிடந்தது. எங்களைப் பார்த்ததும், “மதினி, நானே போட்டுர்றேன். அண்ணன் சொன்னபடி” என்றான்.

“நீ ஏன் பழிய ஏத்துக்கிட்ட?”

“வேற யாரு ஏத்துக்கிறது? நான் ஒரு வெள்ள, ஒரு செவப்பு வச்சது எனக்குத் தெரியாதா?” என்று சௌம்யாவைப் பார்க்காமலே சொன்னான்.

“நீ அந்தக் காலேஜுக்கு ஆள் சேக்குற. இல்லன்னு சொல்லு பாப்போம்.”

“சேக்குறேன். சேத்துவிட்டா ஏதோ குடுப்பாங்க. இவளயும் சேத்துவிடலாம்னுதான் மலையேறி வந்தேன்” என்றான். “ஆனா அம்மன் காலடியில இருந்து வெள்ள வந்ததும், சரி போ, தொலஞ்சுச்சுன்னு இருந்துச்சு. போன்ல அந்தாளுக்கு வாக்குக் குடுத்ததுலருந்து எனக்கே நெஞ்சு கெதக்குனுதான் கெடந்துச்சு. அதான் சிரிச்சேன்.”

அவன் சொன்னது நிஜமா என்று எனக்குத் தெரியாது. பாதி நிஜம் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அறை வாங்கினது முழு நிஜம்.

“சேலத்த மேல போடு” என்றேன்.

“அண்ணன்?”

“அவருகிட்ட நான் பேசிக்கிறேன். போடச் சொன்னது நான்தான்னு சொல்றேன். என்ன வேணும்னாலும் என்னயப் பண்ணட்டும்.”

அவன் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான். திரையில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ். அவன் சேலத்தை மேலே போட்டாலும் கீழே போட்டாலும் எனக்குத் தெரியப் போவதில்லை. பழைய பயம் கழுத்து வரைக்கும் வந்தது. கையை நீட்டி அவனை நிறுத்தினேன்.

“நீ போடாத. அவ கையில குடு.”

சௌம்யா என்னைப் பார்த்தாள்.

“நீயே போடுடி. ஒனக்குப் புடிச்சத மேல போடு. நான் பாக்கல” என்று சொல்லிவிட்டு, முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டேன். மன்னவனூர் பஸ் முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றிக்கொண்டு வந்து நின்றது, போனது. என் வாழ்க்கையில் ஒரு காரியத்தைப் பின்னால் விட்டுவிட்டுப் பார்க்காமல் நின்றது அதுதான் முதல் தடவை. பெருமையாக இருந்தது. இனி இவள் எதையும் என்னிடம் மறைக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

“போட்டாச்சு” என்றாள்.

திரும்பினேன். லேப்டாப்பை அவள் இன்னும் மூடவில்லை. எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். நான் கிட்டே போனதும் சட்டென்று இடது கையைக் கூரை மாதிரி வைத்துத் தட்டுகிற விரல்களை மறைத்துக்கொண்டாள்.

“இன்னும் என்னடி பண்ற?”

வேல்ராஜ்தான் தயங்கிச் சொன்னான். “பாஸ்வேர்ட மாத்துறா மதினி. அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்குல்ல. அதுக்குள்ள யாரும் உள்ள போயி மறுபடி மாத்திரக் கூடாதுன்னு.”

“யாரு மாத்தப் போறா?” என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

சௌம்யா மறைத்த கையை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சந்தைத் தராசை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படிப் பார்த்தாள். அவள் தட்டி முடிக்கிற வரைக்கும் நான் இரண்டடி தள்ளியே நின்றேன்.